நான்காவது வரைபடம்

அத்தியாயம் 5

“கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் சுஹைனா.

சொன்னதோடு நிற்கவில்லை. மேஜை மேல் இருந்த காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள், அதன் முகத்தையே பார்க்கப் பிடிக்காதவள் மாதிரி.

விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் வளர்மதி துப்பறியும் நிலையம். கீழே மிஷின் ஓடினால் மேலே டீ கிளாஸ் நடுங்கும். வளர்மதிக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்ப் புகார்களைப் பிடித்துக் கொடுத்தவள். வைக்கோல் போர் தானாக எரிந்ததா, எரிய வைத்தார்களா என்று சாம்பலைக் கிளறாமல், அழுகிறவரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுடைய உதவியாளன் அல்தாப் ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் கூரியர் வண்டி ஓட்டியவன். ஊர் திரும்பும்போது அவன் கொண்டு வந்தது ஒரு தொப்பையும், அடங்காத வாயும்.

“தரவுக் காட்சிப்படுத்தல், மனிதர் கணினி ஊடாட்டம்” என்று அவன் சுஹைனா கொண்டு வந்திருந்த புகார்க் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். “யக்கா, இதைப் படிக்கறதுக்கே தனியா ஒரு படிப்பு வேணும்போல இருக்குது.”

பயப்படாதீர்கள் கண்ணுங்களா, கதைக்கு வேண்டியது கொஞ்சம்தான். குவிந்து கிடக்கிற எண்களைப் பார்த்தவுடன் புரிகிற படமாக மாற்றுவது ஒரு வித்தை. மனுஷரும் மிஷினும் ஒருத்தரையொருத்தர் புரிந்துகொள்ள வழி செய்வது இன்னொரு வித்தை. கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் பரக்கத்துல்லாவின் மகள் சுஹைனா, இருபத்தொன்பது வயதுக்குள் இரண்டிலும் சேர்த்துப் பதினோரு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டவள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆக வேண்டிய மாதத்தில்தான் இந்தப் புகார் வந்து விழுந்தது.

புகார் கொடுத்தவர் அவளுடைய பழைய ஆய்வுக்கூடத்தின் தலைவர், பேராசிரியர் திருமால்.

“எந்தக் கட்டுரை மேல புகாரு?” வளர்மதி கேட்டாள்.

“2023-ல வந்ததுங்க. நம்ம ஊரு பீங்கான் சூளைல வேலை செய்யறவங்க சூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு எழுதினது. சூளை ஓனரு ஸ்கிரீன் மாட்டி வெச்சிருக்காரு, கோடு கோடா ஓடும். ஒருத்தரும் பாக்கறதில்ல. கண்ணு ஏற்கெனவே நெருப்பைப் பாத்து எரிஞ்சுட்டு இருக்கும், ஸ்கிரீன் பூரா தூசி. அதனால விரல்ல தடவிப் பாக்கற மாதிரி ஒரு பீங்கான் தட்டு உண்டாக்கினோம். மேடு ஏறினா சூடு ஏறுது, மேடு எறங்கினா சூடு எறங்குது. கண்ணை மூடிட்டே படிக்கலாம்.”

“வரைபடத்தைத் தடவிப் படிக்கறதா?” அல்தாபின் குரலில் இப்போது கேலி இல்லை. “நல்லா இருக்குதே.”

“நல்லா இருக்கப் போயித்தான் அவருக்கு வேணுமாம். 2019 மார்ச்சுலயே அந்தத் தட்ட தானே வரைஞ்சு வெச்சுட்டாராம். பைண்டு பண்ணின ஒரு அறிக்கைய நீட்டறாரு. நான் அதைத் திருடி இங்க யாரையோ வெச்சு செஞ்சு வாங்கினேனாம். நான் எழுதின பதினாலு தொழிலாளிங்களும் கற்பனையாம்.” கவிழ்த்து வைத்த காகிதத்தை விரலால் தட்டினாள். “இதுல கையெழுத்துப் போட்டா புகாரை வாங்கிப்பாரு. அந்தக் கட்டுரைல அவரு பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது. சாயந்தரம் நாலு மணிக்கு வீடியோவுல விசாரணை.”

அல்தாப் மெல்லச் சொன்னான். “பதினொண்ணுல ஒண்ணுதானே மேடம். போட்டுட்டுப் போவட்டுமே.”

“அந்த ஒண்ணு மேலதான் மத்த ஆறும் நிக்குது. இதுல அவரு முதல்ன்னா, அந்த ஆறுலயும் நான் அவரோட எடுபிடி. என் வேலையும் போவும், என் பேரும் போவும்.” சற்று நிறுத்தினாள். “அத விடுங்க. அவரு செய்யல. அவ்ளோதான்.”

வளர்மதிக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்திருந்தது.

“பதினாலு பேரும் கற்பனையில்லன்னா, நாலு பேரைக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டா முடிஞ்சுதே?”

“அதுதான் முடியாது. பேரை வெளியே சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துத்தான் பேச வெச்சேன். ஸ்கிரீனைப் பாக்காம வேலை செய்யறோம்னு சொன்னது யாருன்னு தெரிஞ்சா ஓனரு அவங்களுக்கு சாமானை வேக வெக்க சூளை முறை குடுக்க மாட்டாரு. முறை போனா அடுப்பு எரியாது.”

“எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க” என்றான் அல்தாப். “கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்குப் பிராது எழுதிக் கட்டறவங்க கூட முழு அட்ரஸோட எழுதறாங்க மேடம்.”

“அவரு சாமி. நீங்க அல்தாப்.”



வளர்மதி இரண்டு தாள்களை எடுத்தாள். ஒன்று சுஹைனாவின் கட்டுரையில் இருந்த நான்காவது வரைபடம். மற்றது திருமாலின் அறிக்கையில் இருந்த படம். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தட்டின் வட்டம், உள்ளே சுருளும் மேடு, மணிக்கு ஒரு புள்ளி. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கீறல் கூட. பிறை மாதிரி ஒரு வளைவு, அதற்குள் கோழிக்கால் மாதிரி மூன்று கோடு.

“இது என்னா?”

“தெரியாதுங்க.”

“உன் படம்தானே?”

“தட்டு அப்படித்தான் சூளையிலேர்ந்து வந்துச்சு. செஞ்சவங்க அழகுக்குப் போட்டாங்கன்னு நினைச்சேன். தட்டுல இருக்கறத மறைக்கக் கூடாது, எனக்குத் தெரியாததுக்கு அர்த்தம் எழுதவும் கூடாது. அதனால வரைஞ்சேன், விளக்கம் எழுதல.”

வளர்மதி திருமாலின் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பட்டியல் இருந்தது. ‘பிறையும் முக்கோடும்: மூன்றாம் கட்டம், வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும் நேரம்.’

“உனக்குத் தெரியல, எழுதல. அவருக்குத் தெரியல, எழுதிட்டாரு” என்றாள். பிறகு மேஜையில் பேனா போட்டு வைத்திருந்த பீங்கான் யானையை எடுத்துப் பேனாக்களைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தாள். யானையின் வயிற்றுக்குக் கீழே, மெருகு பூசாத சொரசொரப்பான இடத்தில், யாரோ ஈர மண்ணில் கீறிய மீன் ஒன்று இருந்தது.

“அல்தாப், வண்டிய எடு.”

*

செராமிக் எஸ்டேட்டில் எதுவும் அதன் சொந்த நிறத்தில் இருக்காது. வேப்பமரம் வெள்ளை, நாய் வெள்ளை, மனுஷருடைய புருவம் வெள்ளை. வழி நெடுக உடைந்த ஃபியூஸ் கேரியர்களும், தலையில்லாத பொம்மைகளும் கிடந்தன.

அங்கே சின்னச் சின்னக் கொட்டகைகளில் பொம்மையும் கோப்பையும் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தச் சூளை கிடையாது. செய்து காயவைத்ததைக் கருப்பனுடைய சூளைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு டிராலி நிறைய அடுக்கினால் ஒரு முறை; அது வேகும்வரை சூட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான். கருப்பன் பெயருக்கு ஏற்ற ஆள் இல்லை. அந்தத் தூசியில் அவரும் வெள்ளைதான்.

“ஷார்ஜாவுல ஒரு பார்ட்டிண்ணே” என்று அல்தாப் ஆரம்பித்தான். அவன் பொய் சொல்லும்போது கைகளும் சேர்ந்து பொய் சொல்லும். “பெரிய கடை. பொம்மை வேணுங்கறான். ஆனா ஒருத்தரு சாமானும் இன்னொருத்தரு சாமானும் கலக்கக் கூடாதாம். உங்க சூளைல எல்லாத்தையும் ஒண்ணா வேக வெக்கறீங்களே, எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?”

“சூளை வெச்சிருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?” கருப்பன் சுவரைக் காட்டினார். சூளை வாய்க்குப் பக்கத்தில் கறுப்புப் பெயிண்டில் வரிசையாகக் குறிகள். மீன், ஏணி, சாவி, இரட்டைச் சுழி. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு தேதி. “ஒரு குறி ஒருத்தருக்குத்தான். அடியில கீறிட்டுத்தான் டிராலி ஏத்தணும். புதுசா யாரு வந்தாலும் செவுத்துல எழுதி தேதி போட்டுட்டுத்தான் உள்ள வுடுவேன். இல்லாட்டி சாமான் மாறிப்போயி வெட்டுக் குத்து ஆவும்.”

வளர்மதி சுவர் முன்னால் போய் நின்றாள். நிறைய நேரம் நின்றாள். ஒரு இடத்தில் குனிந்தாள், மேலே பார்த்தாள், மறுபடி குனிந்தாள். பிறகு சத்தமில்லாமல் சிரித்தாள்.

“அல்தாப், செல்ஃபி எடுக்கணும்னு சொன்னியே.”

“சொன்னேனா? சொன்னேன்.” அவன் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து, தன் முகம் கால்வாசியும் சுவர் முக்கால்வாசியுமாக நான்கு படம் எடுத்தான்.

“ஸ்கிரீனெல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்க” என்றாள் வளர்மதி.

கருப்பன் முகம் கடுத்தது. “அத ஏன் கேக்கறீங்க. எவளோ ஒரு படிச்சவ எழுதிட்டாளாம், என் சூளைல யாரும் ஸ்கிரீனைப் பாக்கறதில்லன்னு. போன வாரம் மெட்ராஸுலேர்ந்து ஒரு ப்ரொஃபசர் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். உங்க ஆளுங்க எவனாவது அவகிட்ட பேசியிருந்தா அடக்கி வைங்க, அவன் வாயத் தொறந்தா உங்க பேருதான் கெடும்னாரு. எவன்னு தெரியட்டும், அன்னியோட அவனுக்கு முறை கெடையாது.”

“ப்ரொஃபசர் பேரு?”

“திருமாலோ பெருமாளோ.”

வெளியே வந்ததும் அல்தாப் ஸ்கூட்டரை உதைத்தான். “யக்கா, தொழிலாளிங்களே கற்பனைன்னு புகார் எழுதினவரு, அந்தக் கற்பனை வாயத் தொறந்துடப் போவுதுன்னு எதுக்கு போன் போட்டுச் சொல்றாரு?”

“அதைத்தான் நானும் யோசிக்கறேன். மூணாவது சந்துல திரும்பு. வரும்போது அங்க ஒரு கொட்டகை வாசல்ல கவுத்து வெச்ச கோப்பை அடியில அந்தப் பிறையப் பாத்தேன்.”

*

மூன்றாவது சந்தில், தகரக் கொட்டகை ஒன்றில் இரண்டு பெண்கள் அச்சுகளில் மண் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் நஸீமா, ஐம்பதைத் தாண்டியவள். தலையில் போட்ட முக்காடும் மண். இளையவள் வெண்பா, முப்பத்து நாலு வயது, புடவைக்கு மேலே ஆண் சட்டை.

“சுஹைனாவா? யாரு அது?” என்றாள் நஸீமா. கை நிற்கவில்லை. “எங்களுக்குத் தெரியாதுங்க. வேலை இருக்குது.”

“சரிம்மா” என்று வளர்மதி சண்டை போடாமல் நான்காவது வரைபடத்தை மட்டும் எடுத்து வெண்பாவின் முன்னால் நீட்டினாள்.

வெண்பா பார்த்தாள். ஒரு விநாடி. கையில் இருந்த ஜாடியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

“யக்கா, இங்க பாரேன். மூஞ்சில குத்திட்டேன்.”

“வெண்பா” என்றாள் நஸீமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“குறிய அடியிலதானேக்கா கீறணும். தட்டு மூஞ்சில கீறி வெச்சிருக்கேன் பாரு. அந்தப் பொண்ணு அதையும் வுடாம வரைஞ்சு புஸ்தகத்துல போட்டுட்டுது.” சிரிப்பு பாதியில் நின்றது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அல்தாப் வாயைப் பொத்திக்கொண்டான்.

வளர்மதி ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பரவால்ல. நான் கருப்பனோட ஆளு இல்ல. எப்படி மூஞ்சில போச்சு?”

இனி மறைத்துப் பயன் இல்லை என்று நஸீமா தலையை ஆட்டிய பிறகு வெண்பா சொன்னாள்.

“எந்தச் சாமானுக்கும் அடியில மெருகு பூச மாட்டோம். பூசினா டிராலியோட ஒட்டிக்கும். அதனால சொரசொரன்னு இருந்தா அதுதான் அடி. எங்க கைக்கு அவ்ளோதான் தெரியும். அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சு, விரல் வழுக்கக் கூடாது, மேட்டுப் பக்கம் மெருகு வேணாம்னுது. நாப்பது தட்டு. அவசரத்துல கைக்கு சொரசொரப்பு பட்டுது, அடின்னு நினைச்சு கீறிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் அப்படிப் போச்சு.”

“அந்த ஒண்ணத்தான் அவ படமா வரைஞ்சிருக்கா” என்றாள் வளர்மதி. “அந்த ஒண்ணத்தான் இன்னொருத்தரு சுட்டிருக்காரு.”

பிறகு அந்தக் குறியின் கதையைக் கேட்டாள். நஸீமா சொன்னாள். கேட்டு முடித்ததும் வளர்மதி போனை எடுத்து சுஹைனாவைக் கூப்பிட்டாள். கொட்டகையில் ஒரு மூலையில்தான் சிக்னல் இருந்தது. அங்கேயும் குரல் சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட வேண்டியதாயிற்று.

“கேஸு முடிஞ்சுது சுஹைனா. அந்த மனுஷன் மாட்டிக்கிட்டாரு. ஆனா குறி யாரோடதுன்னு நாலு மணிக்குச் சொல்லணும்.”



“நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்கேர்ந்து கெளம்பி வந்துடுங்க. அவங்க பேரு வரக் கூடாது.”

“உன் வேலை போயிடும்.”

“போவட்டும். பேரு சொல்லித்தான் நான் யோக்கியம்னு நிரூபிக்கணும்னா, அப்பறம் அந்தக் கட்டுரைய நான் எழுதினா என்னா, அவரு எழுதினா என்னா? வந்துடுங்க.”

வளர்மதி போனை அணைத்துவிட்டு எழுந்தாள். நஸீமாவும் வெண்பாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க வரணும்னு நான் சொல்லல” என்றாள். “வாக்கு அவளோடது. அத நான் ஒடைக்க மாட்டேன். பாலக்கரை ஜெராக்ஸ் கடை மாடிலதான் என் ஆபீஸு. போயிட்டு வரேம்மா.”

ஸ்கூட்டரில் ஏறும்போது அல்தாப் கேட்டான். “யக்கா, கையில ஆதாரம், வாய்க்குப் பூட்டு. இப்ப என்னா செய்யப் போறோம்?”

“அவரைப் பேச வெக்கப் போறோம்.”

*

நாலு மணி. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சி மிஷினை நிறுத்தி வைத்திருந்தான் அல்தாப். லேப்டாப் திரையில் நான்கு கட்டங்கள். விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மூத்த பெண்மணி, அவர்தான் தலைவர். நான்காவது கட்டத்தில், பின்னால் புத்தக அலமாரி தெரிய, பேராசிரியர் திருமால். சந்தன நிறச் சட்டை, சாந்தமான முகம். ஒரு பெண்ணின் எதிர்காலத்தை வாங்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை.

“சுஹைனாவின் திறமையை நான் மறுக்கவில்லை” என்றார். “நல்ல மாணவி. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டால் நானே அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறேன்.”

சுஹைனா கவிழ்த்து வைத்திருந்த காகிதத்தை இன்னும் தள்ளி வைத்தாள்.

“சுஹைனா சார்பில் யாரோ கேள்வி கேட்க வேண்டும் என்றார்களே?” என்றார் தலைவர்.

வளர்மதி திரைக்குள் எட்டிப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இன்சூரன்ஸ் காலத்துப் பழக்கம்.

“வணக்கங்க. நான் பெருசா படிக்காதவ. ஒரே ஒரு சந்தேகம் சார். தட்டு ஓரத்துல ஒரு பிறை, உள்ள மூணு கோடு போட்டிருக்குதே, அது என்னங்க?”

திருமால் புன்னகைத்தார். “நல்ல கேள்வி அம்மா. அது என் குறியீடு. பிறை என்பது அடங்குகிற வெப்பம். மூன்று கோடு மூன்று மணி நேரம். பல வாரம் யோசித்து உருவாக்கினேன்.”

“2019-லயா?”

“2019 மார்ச். அறிக்கையிலேயே தேதி இருக்கிறது.”

“யாருக்காவது காட்டினீங்களா சார்?”

“சுஹைனாவைத் தவிர ஒருவருக்கும் இல்லை. என் பீரோவில் பூட்டி இருந்தது.”

“உங்களுக்கு முன்னாடி வேற யாராச்சும், எங்கயாச்சும், அதே குறியப் போட்டிருக்க வழி இருக்குதுங்களா?”

“வழியே இல்லை. அது என் தலையில் பிறந்தது.”

“சுகப்பிரசவம்” என்று அல்தாப் கதவோரத்தில் முணுமுணுத்தான்.

தலைவர் குறிப்பு எழுதிக்கொண்டார். “சுஹைனா, உங்கள் பதில்? இந்தக் குறி வேறு யாருடையது என்று உங்களால் காட்ட முடியுமா?”

“முடியும் மேடம்.”

“காட்டுங்கள்.”

“மாட்டேன்.” சுஹைனாவின் குரல் கொஞ்சமும் தாழவில்லை. “காட்டினா அவங்க யாருன்னு தெரிஞ்சுடும். பேரை வெளியிட மாட்டேன்னு எழுதிக் குடுத்துத்தான் இந்த ஆராய்ச்சிய செஞ்சேன். உங்க குழுவே அதுக்கு அனுமதி குடுத்திருக்குது. எனக்கு ஆபத்து வந்ததும் அதைக் கிழிச்சுப் போட நான் தயாரா இல்ல. கையெழுத்தும் போட மாட்டேன், பேரும் சொல்ல மாட்டேன். என்னா வேணா எழுதிக்குங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியானால் எங்கள் முன்னால் இருப்பதை வைத்துத்தான் முடிவு எடுக்க முடியும், அம்மா.” அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. திருமாலுக்கு இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது. முக்காடும் மண், சட்டையும் மண். நஸீமாவும் வெண்பாவும் ஆளுக்கு ஒரு கூடையோடு உள்ளே வந்தார்கள்.

சுஹைனா எழுந்துவிட்டாள். “நீங்க ஏன் வந்தீங்க? போங்க, கேமரா ஓடுது.”

“உக்காரு புள்ள” என்றாள் நஸீமா. “உன்ன நம்பித்தான் பேரை மறைக்கச் சொன்னோம். உன்னயே மறைச்சுடுவாங்கன்னு தெரியாது.”

“கருப்பன் அண்ணனுக்குத் தெரிஞ்சா...”

“தெரியும். சொல்லிட்டுத்தான் வரோம்” என்றாள் வெண்பா. “நாங்கதான் சொன்னோம், உன் ஸ்கிரீனை யாரும் பாக்கறதில்ல, முறைய எடுத்துக்கறியா எடுத்துக்கன்னோம். எடுத்துக்கிட்டான். போவட்டும். மாசக் கணக்கானாலும் கவர்மெண்டு சூளை வரிசைல நின்னுக்கறோம்.”

திருமால் திரையில் முன்னால் சாய்ந்தார். “யார் இவர்கள்?”

“நாங்கதான் சார், அந்த இல்லாத ஆளுங்க” என்றாள் நஸீமா.

கூடையைக் கவிழ்த்தாள். பொம்மைகள், கோப்பைகள், அகல்கள் மேஜை மேல் உருண்டன. வெண்பா ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினாள். பிறைக்குள் கோழிக்கால். பிறைக்குள் கோழிக்கால். பிறைக்குள் கோழிக்கால்.

“இவையெல்லாம் என் குறியீட்டைப் பார்த்து...” திருமாலின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. “சுஹைனா உள்ளூர்க்காரி. என் அறிக்கையைக் காட்டியிருப்பாள்.”

வளர்மதிக்கு இந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. போர்த்தியிருந்த தலைப்பை எடுத்துவிட்டாள். குரலும் மாறியது.

“அல்தாப், உன் அழகு முகத்தைக் காட்டு.”

அல்தாப் தன் செல்ஃபியைத் திரையில் போட்டான். காதுக்குப் பக்கத்தில் சூளைச் சுவர் தெளிவாகத் தெரிந்தது.

“மேடம், இது சூளைச் செவுரு. புதுக்குறி வந்தா தேதியோட எழுதி வெப்பாங்க. மேல் வரிசைல பாருங்க, வெறும் பிறை. 2009. அது நஸீமாம்மாவோட குறி. அப்போ சுஹைனா எட்டாவது படிச்சுட்டு இருந்தா. அடுத்த வரிசைல வெறும் கோழிக்கால். 2016. அது வெண்பாவோடது. ரெண்டையும் கோடு போட்டு அடிச்சிருக்காங்களா? இப்போ கீழ பாருங்க. பிறைக்குள்ள கோழிக்கால். தேதி படிங்க.”

தலைவர் திரைக்கு நெருக்கமாக வந்து படித்தார். “பதினாலு, எட்டு, இரண்டாயிரத்து இருபத்தொன்று.”

“ஊரடங்குல யாவாரம் படுத்துடுச்சுங்க” என்றாள் நஸீமா. “ஆளுக்குப் பாதி டிராலிதான் நிரம்புச்சு. முழு டிராலி இல்லாட்டி முறை கெடையாது. அதான் நானும் இவளும் சேந்துட்டோம். ரெண்டு பேரு சேந்தா குறியையும் சேத்துடணும், அதுதான் எங்க வழக்கம். அதுக்கு முன்னாடி இந்தக் குறியே கெடையாது.”

“சார் தலையில பொறந்ததுன்னாரு” என்றாள் வளர்மதி. “இதுக்கு ரெண்டு அம்மா மேடம். ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறாங்க.”

அல்தாபால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கேமராவுக்குள் தலையை நீட்டினான். “சார், ஊரடங்கு வரப்போவுதுன்னு உங்களுக்கு 2019 மார்ச்சுலயே தெரியுமா? எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ஷார்ஜாவுல எட்டு மாசம் மாட்டிக்கிட்டேன்.”

குழுவில் ஒருவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

திருமால் வாயைத் திறந்தார். “நெட்வொர்க் சரியில்லை” என்றார். அவருடைய குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது. அடுத்த விநாடி அவருடைய கட்டம் கறுத்தது.

தலைவர் கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பையே பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அந்த அறிக்கையின் அசலோடு அவர் நாளைக் காலை இந்தக் குழு முன்னால் நேரில் வர வேண்டும். அது எங்கள் பாடு. சுஹைனா, உங்கள் மீதான புகாரைத் தள்ளுபடி செய்கிறோம். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் இருக்கிறபடியே இருக்கட்டும்.”

“இல்லீங்க மேடம்” என்றாள் சுஹைனா. “அதை மாத்தணும்.”

வளர்மதியே திரும்பிப் பார்த்தாள்.

சுஹைனா அந்த இரண்டு பெண்களின் பக்கம் திரும்பினாள். அழுதாளா என்று கேட்காதீர்கள் தங்கங்களே, எனக்கு அவள் கண் தெரியவில்லை, குரல்தான் கேட்டது.

“தட்டு எவ்ளோ கனம் இருக்கணும், மேடு எவ்ளோ உசரம் இருந்தா விரலுக்குத் தெரியும், எல்லாம் நீங்க சொன்னது. பேரை மறைக்கணும்னதால தொழிலாளி மூணு, தொழிலாளி ஏழுன்னு போட்டேன். இப்ப நீங்களே வெளிய வந்துட்டீங்க. சம்மதம்னா என் பேரோட உங்க பேரையும் போடறேன். கட்டுரை எழுதினவங்க மூணு பேருன்னு.”

நஸீமாவும் வெண்பாவும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“உலகம் பூராத் தெரியுமா?” வெண்பா கேட்டாள்.

“தேடினா தெரியும்.”

“கருப்பன் தேடினா?”

“அவருக்கும் தெரியும்.”

“அப்ப போடு.”

“நெறைய எழுத்து இல்லாம போடு புள்ள” என்றாள் நஸீமா. “மு. நஸீமா. மு எங்க அத்தா பேரு. அவருதான் மண்ணு மிதிக்கச் சொல்லிக் குடுத்தாரு.”

சுஹைனா தட்டச்சு செய்தாள். நஸீமா ஒவ்வொரு எழுத்தும் விழுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் மூன்று பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

“வெண்பாக்கா, உங்க இனிஷியல் என்னா?”

வெண்பா கொஞ்சம் யோசித்தாள். “எங்கப்பா பேரா, வூட்டுக்காரரு பேரா?”

“உங்க இஷ்டம்.”

“ஒண்ணும் வேணாம். வெறும் வெண்பான்னு போடு” என்றாள். “நான்தானே செஞ்சேன்.”